அண்ணாச்சியக் கேளுங்க: தேர் வடமும் பத்து நாள்ல செத்த பேட்டரியும்

இன்ஜினியரிங் காலேஜ்ல ப்ராஜெக்ட் பர்ஸ்ட் ரிவ்யூ வருதுன்னாலே நம்ம பெட்டிக்கு வாற கடுதாசி எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருது. போன இதழ்ல "குளம், வாய்க்கால், சென்சார் இதுல ப்ராஜெக்ட் பண்ணுத பிள்ளேளு எழுதுங்க"ன்னு ஓரமா ரெண்டு வரி போட்டேன், அம்புட்டுதான், பிள்ளேளு எழுதுனது பாதி, பெத்தவங்க எழுதுனது பாதின்னு வந்து குவிஞ்சு கெடக்கு. எல்லாத்துக்கும் இடம் காணாது, ஒரே மாதிரி கேட்டத ஒண்ணா கட்டிட்டேன். ரொம்ப வருசமா லேப்ல சால்டரிங் புகைய மோந்தவன்ங்குற ஒரே தகுதிலதான் பதில் சொல்லுதேன், கணக்குல பிழை இருந்தா திட்டி எழுதுங்க, அதையும் போடுவோம்.

கல்லிடைக்குறிச்சியில இருந்து ஒரு அப்பா:
"மவன் பாளையங்கோட்டைல இன்ஜினியரிங் கடைசி வருசம். ப்ராஜெக்ட் என்னடேன்னு கேட்டா மல்டி ஏஜென்ட் கன்ட்ரோல்ங்கான். எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் எங்க தெருவுல எல்ஐசி பாக்கவரு ஒருத்தர்தான். இது என்ன படிப்பு, சோறு போடுமா?"

அண்ணாச்சி, உங்க தெரு ஏஜென்ட்டும் ஒரு வகைல சரிதான், ஒவ்வொண்ணுக்கும் ஹெட் ஆபீசக் கேக்காம தானா முடிவெடுத்து நடக்கவர்தான ஏஜென்ட். இங்க ஏஜென்ட்டுங்கறது தனக்குன்னு கொஞ்சம் புத்தி, கொஞ்சம் கண்ணு காது, பக்கத்துல இருக்கவன்கிட்ட பேச ஒரு வாய், இது மூணும் உள்ள மெசின். ரோபோவா இருக்கலாம், ட்ரோனா இருக்கலாம், வாய்க்கால் ஷட்டரா இருக்கலாம். அப்படி நூறு மெசின் சேந்து மேல ஒரு மேஸ்திரி இல்லாம ஒரே வேலைய முடிக்கணும், அதுக்கு ஒவ்வொண்ணும் என்ன விதிப்படி நடந்துக்கணும்ங்கறதுதான் உங்க மவன் படிக்கான்.

ஆனித்தேர் இழுத்துருப்பீங்கல்லா. நெல்லையப்பர் தேர் வடத்தப் புடிச்சு நிக்கவனுக்கு சக்கரம் தெரியுமா, தெரியாது. பொறத்தால தடி போட்டு நெம்புதவன் தெரியுமா, அதுவும் தெரியாது. முன்னால நிக்கவன் முதுகும் பக்கத்துல நிக்கவன் தோளும்தான் தெரியும். மைக்ல ஒருத்தர் கத்திக்கிட்டேதான் இருக்காரு, அந்தக் கூட்டத்துல, அந்தக் கொட்டுச் சத்தத்துல அது யார் காதுல விழுது? பக்கத்துல இருக்கவன் தம் கட்டுனா நாமளும் தம் கட்டுதோம், அவன் கை தளந்தா நாமளும் விட்டுருதோம், அம்புட்டு பெரிய தேரு நகந்து வாகையடி முக்குல போயி நிக்கி. ஆனா முக்குல திருப்பணும்லா, அது இழுக்கவங்களால முடியாது, முட்டுக்கட்டை போடத் தெரிஞ்ச நாலஞ்சு பேரு சக்கரத்துக்கு அடில குனிஞ்சு அந்த வேலைய பாக்காவ. உங்க மவன் புஸ்தகத்துல இதுக்கு லீடர், ஃபாலோயர்னு பேரு. இழுக்கவன் ஃபாலோயர், கட்டை போடுதவன் லீடர், லீடர் எத்தன பேரு வேணும், எங்கன நிக்கணும்ங்கறதே தனி ஆராய்ச்சி.

இது ஒண்ணும் நேத்தைக்கு மொளச்சதும் இல்ல. 1987ல கிரெய்க் ரெனால்ட்ஸ்னு ஒருத்தர் கம்ப்யூட்டர்ல பறவைக் கூட்டம் வரையணும்னு பாத்தாரு, ஒவ்வொரு பறவைக்கும் மூணே விதி: பக்கத்துப் பறவை மேல முட்டாத, அது போற திசைல போ, கூட்டத்த விட்டு விலகாத. கூந்தன்குளத்துல சாயங்காலம் கூட்டமா வந்து எறங்குமே அதே மாதிரி ஸ்கிரீன்ல வந்துருச்சு. 1995ல ஹங்கேரி நாட்டு விசெக்னு ஒரு பிசிக்ஸ்காரரும் கூட்டாளிமாரும் இத இன்னும் சுருக்கி, பக்கத்துல இருக்கவங்க திசையோட சராசரிய எடுத்துக்கிட்டா போதும்னு காட்டுனாங்க. அது ஏன் வேலை செய்யுதுன்னு கணக்கா நிரூபிக்க 2003 ஆயிருச்சு, ஜட்பாபாய், லின், மோர்ஸ்னு மூணு பேரு. யாரு யாரப் பாக்காங்கறது நிமிசத்துக்கு நிமிசம் மாறுனாலும் பரவால்ல, கொஞ்ச நேரத்துக்குள்ள சுத்தி வளைச்சாவது எல்லாருக்கும் எல்லார் கூடயும் ஒரு தொடர்பு இருந்துட்டா கடைசில ஒரே திசைக்கு வந்துருவாங்கன்னு எழுதுனாங்க. இந்த "யாருக்கு யார் கூடப் பேச்சு"ங்கறதுதான் இந்தப் படிப்போட உயிரு, மத்ததெல்லாம் சாமான்.

சோறு போடுமான்னா, போடும். குடோன்ல அலமாரியத் தூக்கிட்டு அலையுத ரோபோ இருக்குல்லா, அந்தக் கிவாங்குற கம்பெனிய 2012ல அமேசான் வாங்கிருச்சு. நம்ம கயத்தாறு, பணகுடி பக்கம் காத்தாடிகளயே எடுத்துக்கோங்க, முன்னால நிக்க காத்தாடி காத்தக் கலக்கி விட்டுருது, பொறத்தால நிக்கதுக்கு கரண்டு கொறையுது, அப்ப முன்னால உள்ளது கொஞ்சம் மொகத்தத் திருப்பிக்கிட்டா மொத்தத்துக்கு லாபமாங்கறதும் இதே கணக்குதான். ஆனா ஒண்ணு, பாஸ் பண்ணுன மறுநாளே எலை போட்டு உக்கார வைக்குத படிப்பு இல்ல, கணக்கும் வரணும், கோடும் எழுதணும், அதுக்கு கொஞ்சம் பொறுமையா இருந்துக்கிடுங்க.

பேட்டை மாணவி, மூணாவது வருசம்:
"கைடு கன்சென்சஸ் அல்காரிதம் எடுத்துக்கச் சொன்னாங்க. எந்தப் பேப்பரத் தெறந்தாலும் லாப்ளாசியன் மேட்ரிக்ஸ், ரெண்டாவது சின்ன ஐகன் வேல்யூன்னு வருது. ஐகன் வேல்யூ கண்டுபுடிக்கத் தெரியும். எதுக்குக் கண்டுபுடிக்கோம்னுதான் தெரியல."

தாயி, இந்த ஒரு கேள்விக்காகவே இந்த வாரம் முழுசும் எழுதலாம். பேப்பரக் கீழ வச்சுட்டு ஒரு பென்சில எடுங்க.

நம்ம நெல்லைல டவுண், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை, நாலு எடத்துல வரிசையா நாலு சென்சார் வச்சாச்சு. ஒவ்வொண்ணும் அக்கம் பக்கத்துக் கூட மட்டுந்தான் பேசும், டவுணுக்கு பாளை இருக்கதே தெரியாது. கணக்குக்காக வெயில் 28, 30, 34, 40ன்னு வச்சுக்கிடுவோம். நாலுக்கும் சராசரி 33, ஆனா அதக் கூட்டிச் சொல்ல நடுவுல ஒரு ஆள் கெடையாது. விதி என்னன்னா, ஒவ்வொரு சுத்துலயும் பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசத்துல கால் பங்கு அவன் பக்கமா நகருவேன். ஒரு சுத்து முடிஞ்சா 28.5, 30.5, 34.5, 38.5. ரெண்டாவது சுத்துல 29, 31, 34.5, 37.5. கூட்டிப் பாருங்க, எந்தச் சுத்துல கூட்டுனாலும் 132தான் வரும், ஏன்னா நான் எவ்வளவு ஏறுதேனோ அவ்வளவு அவன் எறங்குதான். இப்படியே பைய பைய நாலும் 33ல வந்து நிக்கும், யாரும் யாருக்கும் சராசரிய சொல்லித் தரல. இப்படி எல்லாரும் ஒரே எண்ணுக்கு ஒத்துப்போறதுதான் கன்சென்சஸ். இந்த "எனக்கு எத்தன பக்கத்து வீடு, அது யார் யாரு"ங்கறத அட்டவணையா எழுதுனா அதுதான் லாப்ளாசியன். மூலைவிட்டத்துல பக்கத்து வீட்டு எண்ணிக்கை, பக்கத்து வீட்டு எடத்துல மைனஸ் ஒண்ணு, மத்தது சைபர். இதுக்குப் போயி பயப்படலாமா?

இப்ப அந்த ரெண்டாவது ஐகன் வேல்யூ. ஐகன் வேல்யூங்கறது அந்த அட்டவணைல இருந்து கணக்குப் போட்டு எடுக்குத சில எண்ணு, அதுல சின்னதுல ரெண்டாவதத்தான் பாக்கோம். ஜங்ஷனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் நடுவுல உள்ள சுலோச்சன முதலியார் பாலத்துல சிக்னல் அத்துப்போச்சுன்னு வைங்க. டவுணும் ஜங்ஷனும் தனியாப் பேசி 29ல நின்னுக்கும், வண்ணார்பேட்டையும் பாளையும் தனியாப் பேசி 37ல நின்னுக்கும், ஊரு ரெண்டாயிருச்சு. அந்த நேரத்துல ரெண்டாவது ஐகன் வேல்யூ கரெக்டா சைபர் ஆயிரும். செக் நாட்டு கணக்குக்காரர் மிரோஸ்லாவ் ஃபீட்லர் 1973ல எழுதுனது இதத்தான், அந்த எண்ணு சைபருக்கு மேல இருந்தா ஊரு ஒண்ணா இருக்கு, கூடக் கூட சீக்கிரம் ஒத்துப்போவும். பத்து சென்சார வரிசையா வச்சா அது 0.098. முதலையும் கடைசியையும் ஒரே ஒரு லிங்க் போட்டு வட்டமாக்கிட்டா 0.382, நாலு மடங்கு கிட்ட! ஒரு சென்சார் கூட வாங்கல, ஒரு லிங்க் மட்டுந்தான் கூட. இத நீங்களே பைத்தான்ல போட்டுப் பாருங்க, பத்து வரிதான், அப்புறம் அந்த வார்த்தைய மறக்க மாட்டீங்க.

ரெண்டு எடத்துல எல்லாரும் வழுக்குதாவ. கால் பங்குன்னு சொன்னேன்லா, அத ரொம்பக் கூட்டிறக் கூடாது, அதிகமா பக்கத்து வீடு உள்ள சென்சாருக்கு எத்தன வீடோ, ஒண்ண அத்தனையால வகுத்தா என்ன வருதோ, அதுக்குள்ள இருக்கணும். ரெண்டே பேரு இருந்து முழு வித்தியாசத்தையும் நகந்தா இவன் அவன் எடத்துக்கும் அவன் இவன் எடத்துக்கும் மாறி மாறி போயிக்கிட்டே இருப்பான், சந்துல எதுக்க எதுக்க வந்த ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி நிக்க மாதிரி. இன்னொண்ணு, ரேடியோல நான் சொல்லுதது அவனுக்கு கேக்கும், அவன் சொல்லுதது எனக்கு கேக்காது, இது நெசத்துல தெனமும் நடக்கும். அப்ப நான் நகரல, அவன் மட்டும் நகருதான், 132 தப்பிப்போவும். எல்லாரும் ஒரே எண்ணுக்கு வருவாங்க, ஆனா அது சராசரியா இருக்காது. ரேடியோக் கோளாற சேக்காத சிமுலேசன்ல இது வரவே வராது, அதனாலதான் போர்டுல போட்டவுடனே பிள்ளேளு "சார் அல்காரிதம் தப்பு"ன்னு ஓடி வருதுக.

அம்பாசமுத்திரம் பக்கம் நாலு பசங்க சேந்து எழுதுனது:
"ஊர் குளத்துல தண்ணி மட்டம் பாக்க ஈஎஸ்பி32ங்குற குட்டி கம்ப்யூட்டர் போர்டும் அல்ட்ராசானிக் சென்சாரும் வச்சோம். 15 நிமிசத்துக்கு ஒருக்க 10 செகண்ட் முழிச்சு அனுப்பிட்டு டீப் ஸ்லீப் போயிரும். 2600 மில்லியாம்பியர் அவர் பேட்டரி, முழிச்சுருக்கப்ப 80 மில்லியாம்பியர். கணக்குப்படி நாலு மாசம் வரணும். பத்து நாள்ல செத்துருது. பேட்டரி டூப்ளிகேட்டா அண்ணாச்சி?"

பேட்டரி மேல பழியப் போடாதீங்கடே. உங்க கணக்கும் சரிதான், 900 செகண்டுக்கு 10 செகண்டுன்னா சராசரி 0.9 மில்லியாம்பியர் கிட்ட, 2600ஐ வகுத்தா நாலு மாசம் வரத்தான் செய்யும். ஆனா தூங்குதப்ப என்ன குடிக்குன்னு எழுதலியே. சிப்பு தூங்கும், பத்து மைக்ரோ ஆம்பியர்ல கெடக்கும், டேட்டாஷீட்ல பாத்துருப்பீங்க. போர்டு தூங்காது. அதுல ஒரு சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு பாருங்க, அதோட ரெகுலேட்டர், யுஎஸ்பி சிப்பு, போதாததுக்கு சென்சாருக்கு நேரா கரண்டு குடுத்து வச்சுருப்பீங்க. எல்லாம் சேந்து ஒரு 10 மில்லியாம்பியர் குடிச்சா மொத்தம் 10.9, 2600ஐ அதால வகுங்க, பத்து நாளு. உங்க பேட்டரி உங்க கணக்க விட யோக்கியமா இருந்துருக்கு.

மல்டிமீட்டர வரிசைல போட்டு தூங்குதப்ப அளங்க. அந்த லைட்ட சால்டரிங் முனையால தட்டி எடுத்துருங்க, சென்சாருக்கு மாஸ்ஃபெட்ங்குற ஒரு எலக்ட்ரானிக் சுவிட்ச் வழியா முழிச்சப்ப மட்டும் கரண்டு விடுங்க, ரெகுலேட்டர சும்மா இருக்கப்ப கொறச்சலா குடிக்குததா மாத்துங்க. இது எந்தப் பேப்பர்லயும் பெருசா இருக்காது, ஆனா இந்த ஒரு பக்கத்த உங்க ரிப்போர்ட்ல எழுதுனா நான் மார்க்கு போடுவேன்.

அல்ட்ராசானிக்ல இன்னொரு சேட்டை உண்டு. சத்தத்த அனுப்பி, அது தண்ணில பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆவுதுன்னு வச்சுத்தான் அது தூரம் அளக்கும். சத்தத்தோட வேகம் 20 டிகிரில செகண்டுக்கு 343 மீட்டர், நம்ம ஊரு சித்திரை வெயில்ல 40 டிகிரின்னா 355. ரெண்டு மீட்டர் கீழ தண்ணி இருந்தா மத்தியானம் கிட்டத்தட்ட ஏழு சென்டிமீட்டர் மட்டம் ஏறுன மாதிரி காட்டும், ராத்திரி எறங்கிரும். "சார் எங்க குளம் மூச்சு விடுது"ன்னு ஒரு பையன் கிராஃபத் தூக்கிட்டு வந்தான், பாவம், ரெண்டு வாரம் அதுக்கு காரணம் தேடிருக்கான். ஒரு டெம்பரேச்சர் சென்சாரும் கூட வைங்க, தீந்துது.

நம்ம கதையும் சொல்லிருதேன். ஒரு குளத்து மடைப் பக்கம் கம்பு நட்டு, தண்ணி மேல நீட்டுன மாதிரி ஒரு இரும்புக் கை வச்சு அதுல சென்சார மாட்டிட்டு வந்தேன். மூணாவது நாள் காலைல வெள்ளன போன்ல மெசேஜ், குளம் நெறஞ்சுட்டுன்னு. மழையும் இல்ல, வாய்க்கால்ல தண்ணியும் இல்ல. பைக்க எடுத்துட்டுப் போயி பாத்தா குளிக்க வந்த பெரியவர் ஒருத்தர் ஈரத் துண்ட அந்தக் கைல காயப் போட்டுட்டு சாவகாசமா பல்லு வெளக்கிட்டு இருக்காரு. துண்டோட நுனி சென்சாருக்கு நேர் கீழ தொங்குது. அவரு கிட்ட என்ன சொல்ல, "வெயில் வரட்டும்னு பாத்தேன்யா"ங்காரு. அன்னைக்குத்தான் ஒரு சென்சார மட்டும் நம்பக் கூடாது, பக்கத்துக் குளத்து சென்சார் என்ன சொல்லுதுன்னும் பாக்கணும்னு உறைச்சுது. நம்ம ஊரு குளமெல்லாம் ஒண்ணுக்கொண்ணு மறுகால் பாஞ்சு சங்கிலியாத்தான கெடக்கு, மேல் குளம் மறுகால் போகாம கீழ் குளம் மட்டும் ஒரு மணி நேரத்துல நெறஞ்சா அது துண்டுதான்.

ரேடியோவுக்கு வைஃபை வேண்டாம், குளத்தங்கரைல எவன் ரவுட்டர் வச்சுருக்கான். லோராங்குற தூரம் போற ரேடியோ போடுங்க, நம்ம நாட்டுல 865ல இருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசன்ஸ் இல்லாம விட்டுருக்காங்க, 866ல வச்சா ஆன்டெனா கம்பி கால் அலைநீளம் 8.7 சென்டிமீட்டர், ஸ்கேல் வச்சு வெட்டுங்க. பாபநாசம் பக்கம் வச்சா கொரங்கு அந்தக் கம்பிய முறிச்சு பல்லுக்குச்சி ஆக்கிரும், பெட்டிக்குள்ளயே மடக்கி வைங்க. எறும்பு வேற கூடு கட்டும், ஓட்டைய எல்லாம் அடைங்க.

ஒரே நோடு, அதாவது சென்சாரும் போர்டும் ரேடியோவும் சேந்த ஒரு பொட்டி, எல்லார் பேச்சையும் வாங்கி அனுப்புனா அது முதல்ல சாவும், ஏன்னா கரண்ட தின்னுதது கணக்குப் போடுத சிப்பு இல்ல, ரேடியோ. இதுக்கு 2000ல எம்ஐடில லீச்னு ஒரு முறை கண்டுபுடிச்சாங்க, எழுதுனவங்க ஹெய்ன்செல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன். சந்திரகாசன் சென்னைல பொறந்தவரு, பாலகிருஷ்ணன் ஐஐடி மெட்ராஸ்ல படிச்சவரு, சொல்லிக்கிடுவோமே. யோசனை சிம்பிள், தலைவர் பதவி முறை வச்சு சுத்தும், நம்ம ஊருல முறைத் தண்ணி விடுத மாதிரி. 2002ல அமெரிக்கால மெய்ன் கடக்கரைப் பக்கம் கிரேட் டக்னு ஒரு தீவுல கடல் பறவை கூட்டுக்குள்ளயும் வெளியயுமா 32 நோடு வச்சு பாத்தாங்க, உலகமே பேசுன ப்ராஜெக்ட், அங்கயும் ஈரம் புகுந்து நோடு செத்துச்சு. நீங்க பத்து நாள் ஓட்டுனதுக்கு வெக்கப்படாதீங்க.

துண்டுக் கேள்விகள்

மேட்லாப்பா பைத்தானா? காலேஜ்ல லைசன்ஸ் இருந்தா மேட்லாப், இல்லன்னா பைத்தான், திருட்டு மேட்லாப் வேண்டாம். ரேடியோ தகவல் தொலைஞ்சு போறதையும் சேத்து பாக்கணும்னா கூஜான்னு ஒரு சிமுலேட்டர் இலவசமா கெடைக்கு.

மூணு நோடு போதுமா? போதாது. மூணு பேருல வரிசையா நின்னாலும் நட்சத்திரமா நின்னாலும் படம் ஒண்ணுதான், அப்ப எதக் கூட எத ஒப்பிடுவீங்க. அது போக ஒருத்தன் ஆளுக்கொண்ணா பொய் சொன்னா மத்தவங்க ஒத்துப்போவ கொறஞ்சது நாலு பேரு வேணும்னு லாம்போர்ட்டும் கூட்டாளிமாரும் 1982லயே சொல்லிட்டாங்க. ஆறு வைங்க.

தலைப்புல ஏஐ சேக்கலாமான்னு எட்டு பேரு கேட்டுருக்காவ. உள்ள இருந்தா சேருங்க.

ராதாபுரம் மாணவர் ட்ரோன் கூட்டம் விடணும்ங்காரு. தம்பி, உங்க பக்கம் கூடங்குளம் இருக்கு, மகேந்திரகிரி இருக்கு, டிஜிட்டல் ஸ்கைங்குற அரசாங்க ட்ரோன் மேப்ல மொதல்ல உங்க மொட்டைமாடி எந்தக் கலர்ல கெடக்குன்னு பாருங்க, சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி இல்லாம ஏத்தக் கூடாது. 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராம் வரைக்கும் நானோன்னு தளர்வு குடுத்துருந்தாலும் சிவப்பு சிவப்புதான். ஹாலுக்குள்ள விடுங்க, கிரேசிஃப்ளைன்னு ஒண்ணு 27 கிராம்தான். இல்ல தரைலயே ஊர விடுங்க, ஹார்வர்டுல 2014ல 1024 குட்டி ரோபோவ மேசை மேல ஊர விட்டுத்தான் உருவம் போட வச்சாங்க.

ஸ்ரீவைகுண்டம் வாசகி:
"2023 டிசம்பர்ல நாங்க பட்டது உங்களுக்குத் தெரியும். பசங்க பண்ணுத இந்த சென்சார் எல்லாம் அன்னைக்கு இருந்துருந்தா எதாவது ஆயிருக்குமா, இல்ல சும்மா மார்க்குக்கு தானா?"

அக்கா, கேக்குதது நியாயம். அந்த 17, 18ந்தேதி காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்டப் பெய்ஞ்சுது, அந்தப் பக்கத்துக்கு ஒரு வருச மழையே அவ்வளவு கெடையாது. உங்க ஸ்டேசன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னதும் சனங்க அதுக்குள்ள மாட்டிக்கிட்டதும் யாருக்கு மறக்கும். சென்சார் வச்சா மழை நிக்காது, ஒடையப் போற கரை ஒடையாம இருக்காது. இத மறைச்சு பேசுத எந்த ப்ராஜெக்ட்டையும் நம்பாதீங்க.

அது தரக்கூடியது நேரம். தாமிரபரணில கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு உங்க ஊரு வரைக்கும் எட்டு அணைக்கட்டு, ஒவ்வொண்ணுலயும் வாய்க்கால், வாய்க்கால்ல குளம், குளத்துக்குக் குளம் மறுகால். மேல ஒரு குளம் மறுகால் எடுத்தா கீழ் குளத்துக்கு எத்தன மணி நேரத்துல வரும்னு ஊருல பெரியவங்களுக்கு அத்துப்படி. சென்சார் அந்த அறிவ ராத்திரி ரெண்டு மணிக்கும் முழிச்சிருக்க வைக்கும், அவ்வளவுதான். ஆனா அன்னைக்கு ராத்திரி கரண்டும் டவரும் போச்சுல்லா, டவர நம்புன சென்சார் எல்லாம் அந்த நேரம் பாத்து ஊமை ஆயிரும். அதனாலதான் குளத்துக்குக் குளம் நேராப் பேசிக்கிடணும், நடுவுல உள்ளது செத்தாலும் சுத்தி வளைச்சு சேதி போணும்னு நான் பசங்ககிட்ட அடிச்சுக்கிடுதேன்.

ஷட்டரத் தானா தெறக்க விடலாமான்னா, அங்க ஒரு பொறி இருக்கு. ஒவ்வொரு ஷட்டரும் தனக்குக் கீழ உள்ள மட்டத்த மட்டும் பாத்து தெறந்தா, கடைமடைல ஒருத்தர் கொஞ்சம் தண்ணி எடுத்தது மேல போகப் போக பெருசாகிட்டே போயி, முதல் ஷட்டர் தாறுமாறா ஆடும், ஏன்னா தெறந்த தண்ணி வந்து சேர நேரம் ஆவுது. மெல்போர்ன் யுனிவர்சிட்டில வெய்யர், கான்டோனி, மரீல்ஸ்னு ஆராய்ச்சிக்காரங்க ஆஸ்திரேலியா பாசன வாய்க்கால்ல வருசக் கணக்கா இத நோண்டுனாங்க. "நான் இவ்வளவு தெறந்துட்டேன்"ன்னு மேல் ஷட்டருக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டா ஆட்டம் அடங்குது. எல்லாரும் எல்லார் கூடயும் பேசுனா இன்னும் நல்லதுதானேன்னு தோணும், இல்ல. பத்து பேரு எல்லாரும் எல்லார் கூடயும் பேசுனா ஒத்துப்போறது வேகமா நடக்கும், ஆனா தகவல் லேட்டாவதத் தாங்குத சக்தி, வட்டமா நின்னு பேசுதத விட பாதிக்கும் கீழ. ஓல்ஃபாத்தி-சாபரும் முர்ரேயும் 2004ல போட்ட கணக்கு இது. ஷட்டர் வேலைய பசங்க சிமுலேசன்ல பண்ணட்டும், நெச ஷட்டர் நீர்வளத்துறை கைலயே இருக்கட்டும்.

சங்கரன்கோவில் பக்கம், பேரு வேண்டாம்னு எழுதுன மாணவி:
"டீம்ல மூணு பேரு. மத்த ரெண்டு பேரும் ரெடிமேட் ப்ராஜெக்ட் கடைல வாங்கிருவோம்ங்காவ, கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் சேத்தே குடுப்பாங்களாம். எனக்கு மனசு ஒப்பல. ஒத்தைல பண்ண முடியுமா? மேல படிக்கவும் ஆசை."

தாயி, அந்தப் பொட்டிய நான் நெறையப் பாத்துருக்கேன். ஒரு காலேஜுக்கு எக்ஸ்டர்னலா, அதான் மார்க்கு போட வெளில இருந்து வாற வாத்தியாரா, போயிருந்தப்ப ஒரே நாள்ல மூணு டீமு ஒரே கலர் பொட்டியக் கொண்டு வந்துச்சு, தலைப்பு மட்டும் வேற. நாலு நோடு, நாலுலயும் லைட்டு மினுங்குது, தகவல் கிளவுடுக்குப் போவுது, தலைப்புல மல்டி ஏஜென்ட்னு போட்டுருக்கு. "இந்த நாலுல எது எது கூடப் பேசுது"ன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் தெறக்கல. எதுவும் எது கூடயும் பேசலங்கறதுதான் உண்மை, நாலும் தனித்தனியா கிளவுடுக்கு ஒப்பிச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பிள்ளேளு மேல கூட எனக்குக் கோவம் வரல, கடைக்காரன் அதக் கூட சொல்லிக் குடுக்காம வித்துட்டானேன்னுதான் எரிச்சல்.

ஒத்தைல முடியும், சின்னதா எடுத்தா. ஆறு ஈஎஸ்பி போர்டு வாங்குங்க, ஒரு போர்டு ரெண்டு பேரு பிரியாணி சாப்பிடுத காசுதான் ஆவும். ஈஎஸ்பி நவ்னு ஒரு முறை இருக்கு, ரவுட்டர் இல்லாம போர்டுக்குப் போர்டு நேராப் பேசும், ஒரு தடவைக்கு 250 பைட்டு தாராளமா அனுப்பலாம், உங்களுக்கு நாலு பைட்டு போதும். மேல பேட்டைப் பிள்ளைக்கு சொன்ன அதே கால் பங்கு விதியப் போடுங்க, அவங்களுக்கு நாலு பேரு, உங்களுக்கு ஆறு. காசுக்கு தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்துல மாணவர் ப்ராஜெக்ட் திட்டம் ஒண்ணு இருக்கு, கைடு வழியா எழுதிப் போடணும், ஹெச்ஓடிய ரெண்டு தடவை நச்சரிங்க. பாடத்துக்கு கலிபோர்னியா சாந்தா பார்பரால உள்ள பேராசிரியர் பிரான்செஸ்கோ புல்லோ தன்னோட நெட்வொர்க் பாடக்குறிப்ப இலவசமா வச்சுருக்காரு, மொத நாலு அத்தியாயம் போதும். மேல படிக்கணும்னா கேட் பரிச்ச எழுதி வைங்க, ஐஐடி பாம்பேல சிஸ்டம்ஸ் அண்ட் கன்ட்ரோலுக்குன்னே தனிப் படிப்பு இருக்கு, பெங்களூர் ஐஐஎஸ்சியும் இருக்கு. வீட்ல ஒத்துக்க மாட்டாவன்னு கடைசில சின்னதா எழுதிருக்கீங்க, அதுக்கு தனியா கடுதாசி போடுங்க தாயி, அச்சுல வேண்டாம்.

ரிவ்யூ அன்னைக்கு ஆறையும் மேசைல வரிசையா வைங்க. ஆறும் ஒரே எண்ணுக்கு வந்ததக் காட்டுங்க. அப்புறம் நடுவுல உள்ள ஒண்ணப் புடுங்கி சார் கைல குடுத்துட்டு, மத்ததுல ஆரம்ப எண்ணையே திரும்பப் போட்டு ஓட விடுங்க, ரெண்டு பக்கமும் தனித்தனி எண்ணுக்குப் போறதப் பாக்கட்டும். கடைசியா அதத் திரும்ப மாட்டிட்டு, ஓரத்துல உள்ள ஒரு போர்டுல மட்டும் பக்கத்து வீட்டுப் பேச்சக் கேக்குத வரிய அழிச்சுட்டு 60ன்னு எழுதி விடுங்க. அது யார் பேச்சையும் கேக்காது, 60, 60ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். பக்கத்துல உள்ளது ஒடனே நகரும், தூரத்துல உள்ளது மொதல்ல அசையாத மாதிரி இருந்து பைய பைய ஏறும், கடைசில அஞ்சும் 60ல போயி நிக்கும். அந்தக் கிராஃபப் பெருசா பிரிண்ட் எடுத்து ரிப்போர்ட்டோட மொதல் பக்கத்துல ஒட்டுங்க, அதப் பாத்து கேள்வி கேக்காத எக்ஸ்டர்னல் எவரும் கெடையாது, கேட்டா பதில் சொல்லவும் உங்களுக்குத் தெரியும்.